இந்தியன் வெல்ஸ்: திரும்பிப் போகாத 14 ஆண்டுகள்

போன மாதம், எங்கள் மாலைப் படிப்பு மையத்துக்கு வரும் ஒரு மாணவி ஒரு கேள்வி கேட்டாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கைப்பந்து ஆடுகிறாள், நன்றாகவே ஆடுகிறாள். போன வருடம் ஒரு ஊரில் நடந்த போட்டியில் அவள் சர்வீஸ் போடப் போகும்போதெல்லாம் கயிற்றுக்குப் பின்னாலிருந்து சிலர் அவளுடைய சேரியின் பெயரைச் சொல்லிக் கூவியிருக்கிறார்கள். பெயரை மட்டும்தான். அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவைப்படவில்லை, அங்கிருந்த எல்லோருக்கும் அர்த்தம் புரிந்துவிட்டது. அவளுடைய அணி ஜெயித்தது. கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த வருடமும் அதே ஊரில் அதே போட்டி. அவளுக்குப் போக மனமில்லை. பயிற்சியாளர் சொல்கிறாராம்: "போய் இன்னொரு தடவை ஜெயிச்சுக் காட்டு. அதுதான் அவனுங்களுக்குப் பதிலடி."

"போகணுமாக்கா?" என்று கேட்டாள்.

சட்டென்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜெயித்துக் காட்டுவதுதான் பதிலடி என்று நாமும் எத்தனை மேடைகளில் பேசியிருக்கிறோம்! ஆனால் ஒருத்தி ஏற்கெனவே ஜெயித்துவிட்டுத்தான் என் முன்னால் உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேட்கிறாள். அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் பாலைவனத்தில் நடந்த ஒரு டென்னிஸ் போட்டி. டென்னிஸுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்காதீர்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இந்தியன் வெல்ஸ் என்பது அந்த ஊரின் பெயர். நம் இந்தியாவுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அந்த மண்ணின் பூர்வகுடிகளான கவீயா மக்கள் பாலை மணலில் தோண்டிய கிணற்றின் பெயரால் ஊருக்குப் பெயர் வந்தது. கிணறு வெட்டியவர்களின் பெயர் ஊருக்கு, ஊர் வேறு யாருக்கோ. இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. இன்று அது கோல்ஃப் மைதானங்களும் ஓய்வுபெற்ற பணக்காரர்களின் வீடுகளும் நிறைந்த இடம். ஒவ்வொரு மார்ச் மாதமும் அங்கே நடக்கும் போட்டி, நான்கு கிராண்ட் ஸ்லாம்களுக்கு அடுத்த வரிசையில் வைத்துப் பேசப்படுவது. மைய அரங்கில் 16,000 பேர் உட்காரலாம்.

2001 மார்ச் 15. மகளிர் ஒற்றையர் அரையிறுதியில் அக்கா வீனஸ் வில்லியம்ஸும் தங்கை செரினா வில்லியம்ஸும் மோத வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் காம்ப்டன் என்ற ஏழைக் கறுப்பர் பகுதியில், பொது மைதானங்களில் அப்பா ரிச்சர்ட் வில்லியம்ஸிடம் ஆட்டம் கற்றுக்கொண்டு வந்த பிள்ளைகள். செரினாவுக்கு அந்த ஊர் நல்ல ராசியான ஊரும்கூட. 1999-இல் 17 வயதில் அங்கேதான் ஸ்டெஃபி கிராஃபை இறுதிப்போட்டியில் வென்று கோப்பையைத் தூக்கினார்.

ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடம்கூட இல்லாத நேரத்தில், முழங்கால் வலியால் வீனஸ் ஆடவில்லை என்று அறிவித்தார்கள். டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்திருந்த கூட்டம் கொதித்தது. அந்தக் கோபத்தில் ஒரு நியாயம் உண்டு, அதை மறுக்க வேண்டாம். தன்னால் ஆட முடியாது என்று பல மணி நேரம் முன்பே வீனஸ் அங்கிருந்த சிகிச்சையாளரிடம் சொல்லிவிட்டதாகவும், அறிவிப்பைத்தான் இழுத்தடித்தார்கள் என்றும் செரினா பின்னாளில் தன் நூலில் எழுதினார். கூட்டத்துக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

ஆனால் கூட்டத்தின் காதில் அதற்கு முன்பே வேறொன்று விழுந்திருந்தது. காலிறுதியில் வீனஸிடம் தோற்ற ரஷ்ய வீராங்கனை எலேனா டிமென்டியேவாவிடம், அக்கா தங்கை ஆட்டத்தில் யார் ஜெயிப்பார் என்று கேட்டார்கள். அதை அவர்களுடைய அப்பாதான் முடிவு செய்வார் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். கிண்டலாகச் சொன்னாரோ என்னவோ, அது தீயாகப் பரவியது. இந்தக் குடும்பம் ஆட்டத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறது என்ற வதந்திக்கு ஆதாரம் எதுவும் தேவைப்படவில்லை. நம் பிள்ளை ஒருத்தன் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கினால் விடைத்தாளை இரண்டாம் முறை திருத்திப் பார்க்கத் தோன்றுகிறதே, அந்தப் புத்திதான் இது. அவர்கள் ஜெயித்தால் அதற்குப் பின்னால் ஏதோ தில்லுமுல்லு இருந்தாக வேண்டும்.

இரண்டு நாள் கழித்து, மார்ச் 17, சனிக்கிழமை, இறுதிப்போட்டி. செரினாவுக்கு 19 வயது. எதிரில் பெல்ஜியத்திலிருந்து வந்த 17 வயது கிம் கிளைஸ்டர்ஸ். செரினா மைதானத்துக்குள் கால் வைத்ததும் ஊளை தொடங்கியது. வீனஸும் ரிச்சர்டும் தங்கள் இருக்கைக்குப் படியிறங்கி வந்தபோது அது இன்னும் பெரிதானது. மேலே நாலா பக்கமும் திரும்பிப் பார்த்த ரிச்சர்ட் தன் முஷ்டியை உயர்த்திக் காட்டினார். 1968-இல் மெக்ஸிகோ ஒலிம்பிக் மேடையில் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் உயர்த்திய கையை அறிந்தவர்களுக்கு அதற்கு விளக்கம் வேண்டாம்.

ஆட்டத்தின் காணொளி இன்றும் கிடைக்கிறது. சத்தத்தைக் கூட்டி வைத்துப் பாருங்கள். செரினா டபுள் ஃபால்ட் செய்தால் கைதட்டல். பந்தை வலையில் அடித்தால் ஆரவாரம். டென்னிஸில் எதிராளியின் தவறுக்குக் கைதட்டுவது அநாகரிகம் என்று நமக்கு வகுப்பு எடுக்கும் அதே சீமான்களும் சீமாட்டிகளும்தான் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். எந்த நாட்டிலும் உள்ளூர்க்காரர் வெளிநாட்டுக்காரரோடு மோதினால் கூட்டம் உள்ளூர்ப் பக்கம்தான் நிற்கும். அமெரிக்க மண்ணில், அதுவும் கலிஃபோர்னியாவிலேயே வளர்ந்த பெண்ணுக்கு எதிராக அமெரிக்கக் கூட்டம் பெல்ஜியத்துக்காகக் கூவியது. ஆட்டத்திலிருந்து விலகியது அக்கா, ஊளை வாங்கியது தங்கை. டிக்கெட் காசு போன கோபம் என்று மட்டும் சொன்னால் இந்தக் கணக்கு உதைக்கிறது.

முதல் செட்டை 4-6 என்று செரினா இழந்தார். அடுத்த இரண்டையும் 6-4, 6-2 என்று எடுத்து ஜெயித்தார். கோப்பையை வாங்கும்போதும் ஊளை நிற்கவில்லை.

பயிற்சியாளர் சொல்லும் பதிலடி அன்று நடந்தேவிட்டது. 16,000 பேர் சேர்ந்து ஒரு பெண்ணை உடைக்கப் பார்த்தார்கள், அவர் உடையாமல் ஆடி ஜெயித்தார், கோப்பையும் கையில் இருக்கிறது. அதன்பின் என்ன ஆனது? உடை மாற்றும் அறையில் மணிக்கணக்கில் உட்கார்ந்து அழுததாகவும், லாஸ் ஏஞ்சலிஸுக்குத் திரும்பிய வழியெல்லாம் எதையோ பெரிதாகத் தோற்றுவிட்டதுபோல் இருந்ததாகவும், தோற்றது டென்னிஸில் அல்ல, அதைவிடப் பெரிய சமத்துவப் போராட்டத்தில் என்றும் 14 ஆண்டுகள் கழித்து டைம் இதழில் அவர் எழுதினார். ஜெயித்தவர் எழுதியது இது.

இறுதிப்போட்டி முடிந்து சில நாட்களில் ரிச்சர்ட் பத்திரிகையிடம் பேசினார். படியிறங்கும்போது கறுப்பர்களைக் கேவலப்படுத்தும் அந்தச் சொல்லால் தன்னைப் பலர் அழைத்தார்கள் என்றார், தோலை உரித்துவிடுவோம் என்ற பொருளில் ஒருவன் மிரட்டினான் என்றார். போட்டியின் இயக்குநர் சார்லி பசரெல், கூட்டம் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்துக் கூனிக் குறுகியதாகச் சொன்னார். ஆனால் ரிச்சர்ட் சொன்ன சொற்கள் தொலைக்காட்சியில் கேட்கவில்லையே என்பதைப் பிடித்துக்கொண்டு சந்தேகப்பட்டவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

இந்த இடத்தில் நமக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(r), 3(1)(s) பிரிவுகளில் ஒரு நிபந்தனை இருக்கிறது. இழிவுபடுத்தியதும் சாதிப் பெயர் சொல்லித் திட்டியதும் பொதுப்பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், நாலு சுவருக்குள் வெளியார் யாரும் இல்லாதபோது சொன்னது இதில் வராது என்றது. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது, வெளியே நடந்திருந்தால் மட்டும் சாட்சி சொல்ல வந்துவிடுவார்களா என்றுதான் எனக்குத் தோன்றியது. இந்தியன் வெல்ஸ் அரங்கைவிடப் பொதுவான ஒரு இடம் உண்டா? ஆயிரக்கணக்கானவர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, தொலைக்காட்சிக் கருவிகள் ஓடிக்கொண்டிருக்க நடந்ததற்கே ஒலிப்பதிவு கேட்டார்கள். நம் மாணவிக்கு நடந்ததையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சேரியின் பெயரைத்தானே சொன்னோம், அது வசவா என்பான். ஊர்ப் பெயரைச் சொல்வது எந்தச் சட்டத்தில் குற்றம் என்பான். அவமானம் என்னவென்று அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். எழுதி வாங்கும் காவலர் ஒருவருக்கு மட்டும் அது தெரியாமல் போய்விடும்.

வில்லியம்ஸ் சகோதரிகள் ஊர்வலம் போகவில்லை, வழக்குப் போடவில்லை. அடுத்த ஆண்டு அந்தப் போட்டிக்குப் போகவில்லை. அதற்கடுத்த ஆண்டும் போகவில்லை. 2002 முதல் 2014 வரை 13 முறை அந்தப் போட்டி செரினா இல்லாமல் நடந்தது, வீனஸ் இல்லாமல் 14 முறை. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் உலக மகளிர் டென்னிஸின் முன்வரிசையில் இருந்தவர்கள் இவர்கள். "எப்போது வரப்போகிறார்கள்" என்று ஒவ்வொரு மார்ச்சிலும் பத்திரிகைகள் கேட்டன. மறந்துவிடக்கூடாதா, பழசையே பிடித்துக்கொண்டு இருக்கலாமா என்று அறிவுரை சொன்னவர்களுக்கும் குறைவில்லை.

அது சும்மா வீட்டில் இருந்த கதையும் இல்லை. 2009-இல் மகளிர் டென்னிஸ் சங்கம் நான்கு போட்டிகளைக் கட்டாயமாக்கியது: இந்தியன் வெல்ஸ், மயாமி, மாட்ரிட், பெய்ஜிங். தகுதி பெற்ற முன்னணி வீராங்கனைகள் அங்கே ஆடியே தீரவேண்டும், ஆடாவிட்டால் அந்தப் போட்டிக்கான இடத்தில் தரவரிசைக் கணக்கில் பூஜ்யம் விழும். அதாவது, உன்னை அவமானப்படுத்திய இடத்துக்குப் போகாவிட்டால் உனக்கு அபராதம். இரண்டு பேரும் அந்தப் பூஜ்யத்தை வாங்கிக்கொண்டார்கள்.

இதில் எனக்கு உறுத்துவது என்னவென்றால், மகளிர் தொழில்முறை டென்னிஸ் சுற்று பிறந்ததே ஒரு புறக்கணிப்பில்தான். 1970-இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடக்கவிருந்த பசிஃபிக் சவுத்வெஸ்ட் போட்டியில் ஆண்களில் வெல்பவருக்கு 12,500 டாலர், பெண்களில் வெல்பவருக்கு 1,500 டாலர் என்று அறிவித்தார்கள். பில்லி ஜீன் கிங், ரோசி கசால்ஸ் உள்ளிட்ட ஒன்பது பெண்கள் அங்கே போக மறுத்தார்கள். ஹூஸ்டனில் தங்களுக்கென்று தனிப் போட்டியில் ஆட, ஆளுக்கு ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தடை விதிப்போம் என்ற மிரட்டலுக்குப் பணியவில்லை. அந்த வேரிலிருந்துதான் 1973-இல் மகளிர் டென்னிஸ் சங்கமே உருவானது. அந்த ஒன்பது பேரை இன்று வீரப் பெண்கள் என்று கொண்டாடுகிறார்கள், கொண்டாடவும் வேண்டும். அவர்களில் கறுப்பினப் பெண் ஒருவரும் இல்லை. அதே மரபில் வந்த சங்கம், இரண்டு கறுப்பினப் பெண்கள் ஒரு போட்டிக்குப் போக மறுத்தபோது விதிப்புத்தகத்தைத் திறந்தது. பெண்ணுரிமை இயக்கங்களில் வேலை செய்யும் தலித் பெண்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விடுவார்கள் என்று நினைக்கிறேன்.

புறக்கணிப்பு என்ற சொல்லையே நாம் எச்சரிக்கையாகத்தான் கையாள வேண்டியிருக்கிறது. நம் கிராமங்களில் அது ஆதிக்கச் சாதிகளின் ஆயுதம். வேலை தரமாட்டான், கடையில் சாமான் தரமாட்டான், பொதுப்பாதையில் விடமாட்டான். 2015 திருத்தத்தில் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பே வன்கொடுமைக் குற்றம் என்று சட்டத்தில் சேர்க்க வேண்டிய அளவுக்கு அது நடந்துகொண்டிருக்கிறது. அதே சொல்லைக் கீழிருந்து எடுக்கும்போது அதன் பொருள் வேறு. ஊர்ச் சாவுக்குப் பறையடிக்க வரமாட்டோம் என்று நம் தாத்தாக்கள் சொன்னார்களே, அது. செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்றார்களே, அது. அப்படிச் சொன்னதற்காக அடிபட்டவர்களும் குடிசை எரிக்கப்பட்டவர்களும் எத்தனை பேர். அண்ணல் அம்பேத்கரும் நாசிக் காலாராம் கோயிலுக்குள் நுழைய 1930-இல் போராட்டம் தொடங்கி, ஐந்து வருடம் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, 1935-இல் இயோலா மாநாட்டில் இனி அந்தக் கதவில் நம் சக்தியைச் செலவழிக்க வேண்டாம் என்று சொன்னவர்தான். திறக்க மாட்டேன் என்பவன் வாசலில் நின்றுகொண்டே இருப்பது ஒரு கட்டத்துக்கு மேல் அவனுக்குத்தான் மரியாதை.

ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. செரினாவால் பூஜ்யத்தைத் தாங்க முடிந்தது. ஒரு போட்டி போனால் இன்னும் இருபது போட்டி, விளம்பர வருமானம், உலகப் புகழ். எங்கள் மாணவிக்கு அந்த ஒரு போட்டியின் சான்றிதழ் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலையாக மாறக்கூடும். அவளுடைய பூஜ்யம் அவள் வீட்டுச் சோற்றில் விழும். எனவே "செரினா மாதிரி போகாதே" என்று அவளிடம் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. போராட்டக்காரர்களான நாம் இதில் அடிக்கடி தவறு செய்கிறோம். நம் தத்துவத்துக்கு விலையை வேறு யாராவது ஒரு இருபது வயதுப் பிள்ளை கட்டட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

2015 பிப்ரவரியில், திரும்பிப் போகப்போகிறேன் என்று செரினா டைம் இதழில் எழுதினார். அப்போது அவரிடம் 19 கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள் இருந்தன. யாரும் அவரைக் கூப்பிட்டுப் பணிய வைக்கவில்லை. மறுபடியும் ஊளையிட்டால் என்ன செய்வது என்ற பயம் இருந்ததையும் மறைக்காமல் எழுதினார். வெறுங்கையோடும் போகவில்லை. அலபாமாவில் பிரையன் ஸ்டீவன்சன் நடத்தும் ஈக்குவல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்புக்காக, இந்தியன் வெல்ஸில் தன்னோடு நிற்கும் வாய்ப்பைப் பரிசாக வைத்து நிதி திரட்டினார். நியாயமற்ற தண்டனைகளில் சிக்கிச் சிறையில் கிடக்கும் ஏழைகளுக்காக, குறிப்பாகக் கறுப்பர்களுக்காக வழக்காடும் அமைப்பு அது. தன்னை இனவெறியோடு நடத்திய அரங்குக்குள் இனவெறிக்கு எதிராக வழக்காடுகிறவர்களின் பெயரைக் கொண்டுபோய் நிறுத்தினார். திரும்புவதென்றால் இப்படித் திரும்ப வேண்டும்.

மார்ச் 13 இரவு, ருமேனியாவின் மோனிகா நிகுலெஸ்குவோடு ஆட்டம். செரினா உள்ளே வந்ததும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அவர் கண்ணில் நீர். 7-5, 7-5 என்று கஷ்டப்பட்டுத்தான் ஜெயித்தார். ஊடகங்கள் இந்தக் காட்சியை மன்னிப்பின் கதையாக்கி உருகின. எனக்கு அதில் ஒரு சிறு தகராறு உண்டு. எழுந்து நின்றவர்கள் கைதட்டினார்களே தவிர, 2001-இல் ஊளையிட்டவன் ஒருவன்கூட வந்து "நான்தான் அது" என்று சொன்னதாக நான் எங்கும் படிக்கவில்லை. மன்னிப்பு கேட்காதவனுக்கு மன்னிப்பு கொடுத்துவிட்டு, கொடுத்தவரின் பெருந்தன்மையைப் புகழ்வது கைதட்டியவர்களுக்கு வசதி.

இன்னொரு வேடிக்கை. அதே போட்டியில் அரையிறுதிக்கு வந்த செரினா, சிமோனா ஹாலெப்போடு ஆட வேண்டிய நேரத்தில் முழங்கால் காயத்தால் விலகினார். 2001-இல் அக்கா விலகிய அதே கட்டம், அதே முழங்கால். இம்முறை அவரே மைதானத்துக்கு வந்து கூட்டத்திடம் விளக்கினார். வீராங்கனைக்குக் காயம் ஏற்படும், அப்போது ஆட முடியாது என்ற சாதாரண விஷயம் அந்த அரங்குக்குப் புரிய 14 ஆண்டுகள் பிடித்திருக்கிறது.

வீனஸ் அந்த ஆண்டும் போகவில்லை. 2016-இல்தான் போனார். ஒரே வீடு, ஒரே காயம், ஆனால் அக்காவுக்கு ஒரு வருடம் கூடத் தேவைப்பட்டது. தங்கையே போய்விட்டாள், உனக்கென்ன என்று யாரும் கேட்க முடியாது. பறை விஷயத்தில் நம்மிடையே இதே நிலைதான். இழிவென்று கீழே வைத்த பறையை விடுதலைக் கலையாக இன்றைய பிள்ளைகள் மேடையில் எடுத்து அடிக்கிறார்கள். அதைப் பார்த்து உடம்பு சிலிர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் அப்பா காலத்தில் அடித்து உதைத்து அடிக்க வைத்த சத்தம் அது, என்னால் கேட்க முடியாது என்று எழுந்து போகிற பெரியவர்களும் இருக்கிறார்கள். இரண்டாமவர்களைப் பிற்போக்கு என்று இளையவர்கள் கேலி செய்வதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

திரும்பிப் போனதால் அந்த இடம் சுத்தமாகிவிட்டதா? 2016-இல் செரினா மறுபடியும் அங்கே இறுதிப்போட்டிக்கு வந்தார். அன்று காலை போட்டியின் தலைமைச் செயல் அலுவலர் ரேமண்ட் மூர் பத்திரிகையாளர்களிடம், பெண்கள் டென்னிஸ் ஆண்களின் தயவில்தான் பிழைக்கிறது என்ற பொருளில் பேசினார். தான் ஒரு வீராங்கனையாக இருந்தால் ஃபெடரரும் நடாலும் பிறந்ததற்காகத் தினமும் ராத்திரி மண்டியிட்டுக் கடவுளுக்கு நன்றி சொல்வேன் என்றார். இதைச் சொன்னது ஒரு மகளிர் இறுதிப்போட்டி நாளில், அதுவும் இவர்கள் இருவரும் அங்கே திரும்பி வந்திருந்த ஆண்டில். அன்று அசரென்காவிடம் தோற்ற செரினா, பெண்கள் யார் முன்னாலும் மண்டியிட வேண்டிய அவசியமில்லை என்று பதில் சொன்னார். முந்தைய ஆண்டு அமெரிக்க ஓப்பனில் ஆண்கள் இறுதிப்போட்டிக்கு முன்பே பெண்கள் இறுதிப்போட்டியின் டிக்கெட்டுகள் விற்றுத் தீர்ந்ததையும் நினைவூட்டினார். மூர் பதவி விலகினார்.

2022 மார்ச்சில் இன்னொன்று. ஜப்பானியத் தாய்க்கும் ஹைட்டியக் கறுப்பினத் தந்தைக்கும் பிறந்த நவோமி ஒசாகா, 2018-இல் அதே அரங்கில் பட்டம் வென்றவர். வெரோனிகா குடெர்மெடோவாவுக்கு எதிரான ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பார்வையாளர் ஒருவர் அவர் பெயரைச் சொல்லி இழிவாகக் கத்தினார். ஒசாகா கண்ணீரோடு நடுவரிடம் போய், கூட்டத்திடம் பேச மைக் வேண்டும் என்று கேட்டார். கிடைக்கவில்லை. 0-6, 4-6 என்று தோற்ற பிறகு மைக் கொடுத்தார்கள். கேலி தனக்குப் புதிதில்லை என்றார். ஆனால் இதே இடத்தில் வீனஸையும் செரினாவையும் கூட்டம் நடத்திய விதத்தின் காணொளியைப் பார்த்திருப்பதாகவும், அது ஏனோ தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்ததாகவும் சொன்னார். 2001-இல் ஒசாகாவுக்கு மூன்று வயது.

ஒரு தனி மனிதன் கத்தியதற்கு இவ்வளவு அழுகையா, தோல் தடிமனாக வேண்டாமா என்று அப்போதும் கேட்டார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில், 2021 ஆகஸ்டில் இந்தியா அரையிறுதியில் தோற்ற அன்று பட்டாசு வெடித்துச் சாதியைச் சொல்லித் திட்டினார்களே, அதைக் கேட்ட நம் பிள்ளைகள் எந்த மைதானத்தில் நின்றாலும் அந்தப் பட்டாசுச் சத்தம் அவர்கள் காதில் ஒரு ஓரத்தில் இருக்கத்தான் செய்யும். எங்கள் மாணவி அதைப் பார்த்தது பதினோராம் வகுப்பில். என்னிடம் அவளே சொன்னாள்.

அவளிடம் நான் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். இடையில் இரண்டு முறை நிறுத்திக் கேள்வி கேட்டாள். ஒன்று, "அந்த 13 வருஷம் செரினா வேற எங்கேயும் விளையாடினாங்களா?" எல்லா இடத்திலும் ஆடினார், ஜெயித்தார் என்றேன். இன்னொன்று, "அந்தப் போட்டி நடத்துனவங்க ஒரு லெட்டராச்சும் போட்டாங்களாக்கா?" அதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை.

போன வாரம் மறுபடி வந்தாள். போவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லையாம். முடிவு செய்வதற்கு முன்னால் போட்டி நடத்தும் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். போன வருடம் எந்த நாளில், எந்த ஆட்டத்தில், எந்தப் பக்கத்துக் கயிற்றுக்குப் பின்னாலிருந்து என்ன கூவினார்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதி, இந்த வருடம் அதைத் தடுக்க என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். அணியில் உள்ள பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த ஒன்பதில் ஆறு பேர் நம் பிள்ளைகள் இல்லை. பயிற்சியாளர் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாராம். பதிவுத் தபாலில் இன்னொரு பிரதி அனுப்பியிருக்கிறோம். ரசீது என்னிடம் இருக்கிறது.